நகராமல் ஓடிய கார் தொடர்பாக

ஆர்.எம். காலனி,
திண்டுக்கல்.
மாசி மாதம், வெள்ளிக்கிழமை.

தோஹாவில் வசிக்கும் மைத்துனர் திரு. அழகுராஜா அவர்களுக்கு, முத்துக்கிருஷ்ணன் எழுதுவது.

தாங்களும் தங்கள் மனைவியும் மகளும் நலமாக இருக்க வேண்டும் என்பது கடிதத்தில் முதலில் வர வேண்டிய வாக்கியம் என்பதால் அதை முதலில் எழுதிவிட்டேன். அது என் உண்மையான விருப்பமும்கூட. இங்கே நான் நலம். என் இரத்த அழுத்தம் நலம். முருங்கை நலம். தாங்கள் என் வீட்டுப் போர்டிகோவில் நிறுத்திவிட்டுச் சென்ற வெள்ளைக் கார் மட்டும் நலமில்லை. அது ஏன் நலமில்லை, அதை நலமில்லாமல் ஆக்கியவர் யார் என்பதைத் தெளிவுபடுத்தவே இக்கடிதம்.

செவ்வாய்க்கிழமை நம் குடும்ப வாட்ஸப் குழுவில் தாங்கள் இட்ட செய்தியை, பின்னால் அழிக்கப்பட்டுவிடக்கூடும் என்பதால், இங்கே அப்படியே எடுத்தெழுதுகிறேன். "நல்ல வண்டியத்தான் அத்தான்கிட்ட குடுத்துட்டு வந்தேன். ஸ்டார்ட் பண்ணி வைக்கச் சொன்னா இன்ஜினையே கெடுத்து வச்சிருக்காரு. ஞாயித்துக்கெழம ஒரு ஆள் பாக்க வாராரு, வந்த வெலைக்குத் தள்ளிவிட்டுற வேண்டியதுதான்." இதன் கீழே கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் வரிசையாக வந்தன. அவற்றின் கீழே தங்கள் சித்தி மகள் மணிமேகலை, "மாட்டு டாக்டர்கிட்ட காரைக் குடுத்தா பால் கறந்து பாத்திருப்பாரு" என்று எழுதியிருந்தார். அன்று மாலையே நான் குழுவை விட்டு வெளியேறினேன். வெளியேறியதை இதுவரை ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. கவனித்திருந்தால் ஏன் என்று யாராவது கேட்டிருப்பார்கள். ஆகவே பேனாவை எடுத்தேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வரும் நபரிடம் சாவியை முழு மனதுடன் ஒப்படைப்பேன். இந்தக் கார் போய்விட்டால், தங்கள் அக்கா கௌசல்யா இல்லாத இந்த வீட்டுக்குத் தாங்கள் தொலைபேசியில் அழைப்பதற்கு ஒரு காரணமும் மிச்சமிருக்காது. அதையும் யோசித்த பிறகுதான் முழு மனதுடன் என்று எழுதுகிறேன்.

நோயாளியின் பூர்வ வரலாற்றிலிருந்து தொடங்குவது என் தொழிலின் வழக்கம். கடந்த ஆவணியில் தங்கள் அக்காவின் மூன்றாம் ஆண்டுத் திதிக்காக விடுப்பில் வந்தீர்கள். விடுப்பு நாட்களில் சுற்றுவதற்கென்று இந்தக் காரைப் பழைய விலைக்கு வாங்கினீர்கள். திதி அன்று படையலுக்கு இருந்த நேரத்தைவிட இந்தக் காரைக் கழுவுவதற்கு இருந்த நேரம் அதிகம் என்பதை அன்றைக்கே கவனித்தேன், சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பும் நாளில், திருச்சி விமான நிலையத்துக்குப் போக வாடகைக் கார் வாசலில் நிற்க, என் கையில் சாவியைத் திணித்துத் தாங்கள் சொன்னது இது. "அத்தான், தெனமும் காலைல ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓட விட்டு ஆஃப் பண்ணிருங்க, இல்லன்னா பேட்டரி படுத்துக்கும். ஆனா வெளிய மட்டும் எடுத்துறாதீங்க. கிலோமீட்டர் ஏறுச்சுன்னா விக்கிறப்ப வெல கொறஞ்சிரும்." நான் தலையசைத்தேன். வேலையில் இருந்த காலமெல்லாம் அகரத்திலும் ஆத்தூரிலும் பாலசமுத்திரத்திலும், காலையில் கொடுக்கச் சொன்ன மருந்தை மாலையில் கொடுத்துவிட்டு மாடு எழவில்லை என்று வந்து நின்றவர்களை நான் எப்படியெல்லாம் ஏசியிருக்கிறேன் என்பது அந்தந்த ஊர்களில் கேட்டால் தெரியும். அப்படிப்பட்டவன் தனக்குத் தரப்பட்ட மருந்துச் சீட்டை மீற முடியுமா? மீறவில்லை. மறுநாளிலிருந்து குளித்ததும் காப்பிக்கு முன்னால் காரில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்புவேன். எதிரே மதில்சுவர். சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டுத் துணிக்கொடி. ஐந்து நிமிடம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இறங்கிவிடுவேன். விடுமுறை எடுத்ததில்லை. காய்ச்சல் வந்த நாட்களில் போர்வையோடு போய் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆயுத பூஜை வந்தது. காருக்குச் சந்தனம் பொட்டு எல்லாம் வைத்து, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழங்களையும் வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் சிக்கல் புரிந்தது. பழம் நசுங்க வேண்டுமானால் கார் நகர வேண்டும். கார் நகர்ந்தால் கிலோமீட்டர் ஏறும். பழத்தை நசுக்கிப் பூஜையை முடிப்பதா, தங்கள் உத்தரவைக் காப்பதா என்று சூடம் அணையும்வரை யோசித்துவிட்டு, காரை முன்னால் ஒரு முழம், பின்னால் ஒரு முழம் நகர்த்தினேன். கிலோமீட்டர் மாறவில்லை. ஒரு பழம் மட்டும் நசுங்காமல் உருண்டு சாக்கடையில் விழுந்தது. அந்த ஒரு பழத்தால்தான் கார் கெட்டது என்று தாங்கள் குழுவில் எழுதாதவரை எனக்கு ஆட்சேபணை இல்லை.

மார்கழியில் சத்தம் தொடங்கியது. சாவியைத் திருப்பியதும், இன்ஜின் உறுமலுக்கு மேலே, டிக் டிக் டிக் என்று ஒரே சீராக, கல்யாண மண்டபத்துப் பின்கட்டில் யாரோ வெங்காயம் நறுக்குவதைப் போல ஒரு சத்தம். முதலில் அதைப் பக்கத்து வீட்டுத் தையல் மெஷின் என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த வீட்டில் ஜெய்தூன் பீவி என்ற அம்மாளும் அவருடைய மருமகள் முஹ்சினாவும் இருக்கிறார்கள். மருமகள் தைத்துக் கொடுப்பவர். இத்தனை வருடத்தில் நான் அந்த வீட்டுக்குள் போனதில்லை. கௌசல்யா போவாள், வருவாள். நான் வாசலில் தலையசைப்பதோடு சரி. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு காலையில் போய், தங்கள் மெஷினுக்கு எண்ணெய் விட்டால் எல்லோருக்கும் நல்லது என்று மிகவும் மரியாதையாகத் தெரிவித்தேன். அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே அழைத்துப் போய்க் காட்டினார். மெஷின் மூடிக் கிடந்தது. மேலே பூனை படுத்திருந்தது.

"என்னா டாக்டரு, அவ இன்னும் எந்திரிக்கவே இல்ல. அது உங்க காருச் சத்தம். நானே கேக்கணும்னு இருந்தேன். எங்கயும் போகாத காருக்கு எதுக்கு தெனமும் இம்புட்டுப் புகை?"

அது உத்தரவு என்றேன்.

"யாரு போட்ட உத்தரவு?"

கத்தாரில் இருக்கும் என் மைத்துனர் என்றேன்.

"அதானே பாத்தேன். அங்க வரைக்கும் புகை போகாதுல்ல."

டீ கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன்.

இனி சத்தத்தைப் பற்றி. தங்கள் மணிமேகலைக்கும் புரியும்படி எழுதுகிறேன், படித்துக் காட்டவும். இன்ஜினின் தலைப்பகுதியில் காற்றும் புகையும் போய் வருவதற்கு வால்வுகள் உண்டு. அந்த வால்வுகளை அமுக்கித் திறந்துவிடுவது சுழலும் ஒரு தண்டு. தண்டுக்கும் வால்வுக்கும் நடுவில் சின்னக் கிண்ணம் போல ஓர் உருப்படி உட்கார்ந்திருக்கிறது. அதை டாப்பெட் என்கிறார்கள். பழைய வண்டிகளில் அந்த இடத்து இடைவெளியைத் திருகாணி வைத்துச் சரிசெய்வார்கள். தங்கள் வண்டியில் திருகாணி கிடையாது. அந்தக் கிண்ணத்துக்குள் இன்ஜின் ஆயிலே போய் நிறைந்து, தேவையான அளவுக்கு உப்பி, இடைவெளியைத் தானாகவே அடைத்துக்கொள்ளும். உள்ளே ஆயில் இல்லாவிட்டாலோ, காற்று புகுந்துவிட்டாலோ, அழுக்கு அடைத்துவிட்டாலோ கிண்ணம் தளர்ந்துவிடும். தளர்ந்ததைத் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் தட்டும். அந்தத் தட்டல்தான் டிக் டிக். இதைக் கண்டுபிடிக்க நான் பட்ட பாட்டைத்தான் தாங்கள் கெடுத்துவைத்தல் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள்.

வத்தலக்குண்டு சாலையில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் விக்னேஷ்குமாரை வீட்டுக்கு வரவழைத்தேன். அவர் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, "டாப்பெட் கேப் கூடிப்போச்சு சார், அட்ஜஸ்ட் பண்ணிரலாம்" என்றார். எதைத் திருகி அட்ஜஸ்ட் பண்ணுவீர்கள் என்று கேட்டேன். மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இதுல ஸ்க்ரூ இல்லையே சார்" என்று என்னவோ நான் திருடிவிட்டதைப் போல என்னைப் பார்த்தார். இல்லை என்றுதான் நானும் சொன்னேன் என்றேன். "அப்ப தலையக் கழட்டிருவோம்" என்றார். இருமல் வந்த எந்த மாட்டுக்கும் முதலில் வயிற்றைக் கிழித்துப் பார்க்கலாம் என்று நான் எவரிடமும் சொன்னதில்லை. வேண்டாம் என்றேன். போகும்முன், ஆயில் குறைவாக இருந்தாலும் இப்படித் தட்டும், எதற்கும் கொஞ்சம் ஊற்றுவோம் என்று சொல்லி, அளவுக் கம்பியைப் பார்க்காமலே ஊற்றினார். ஆயில் அளவு மீறினால் இன்ஜினின் அடியில் சுழலும் இன்னொரு தண்டு அதைக் கடைந்து நுரையாக்கும். நுரை என்றால் காற்று. காற்று நேராகக் கிண்ணத்துக்குள் போகும். மறுநாள் காலை ஒன்றாக இருந்த டிக் இரண்டாக ஆயிற்று. அதிகப்படியானதை நானே மல்லாக்கப் படுத்து வடித்தேன். சட்டை போயிற்று. அது கௌசல்யா எடுத்துக் கொடுத்த சட்டை. அதைப் பற்றித் தங்களிடம் நஷ்டஈடு எதுவும் கேட்கவில்லை.

பிறகு விக்னேஷ்குமார், தன் கடையில் கம்ப்யூட்டர் இருக்கிறது, வண்டியைக் கொண்டு வந்தால் கண்டுபிடித்துவிடலாம் என்றார். கொண்டு போவது எப்படி? ஓட்டிப் போனால் கிலோமீட்டர் ஏறும், உத்தரவு மீறப்படும். அது மட்டுமல்ல, போய்ச் சேர்வதற்குள் இன்ஜின் சூடேறும், ஆயில் ஏறும், சத்தம் நின்றுவிடும், நோயாளி மருத்துவர் முன்னால் ஆரோக்கியமாக நிற்பார். ஆகவே முழுக் காரையும் முதுகில் ஏற்றிக்கொண்டு போகும் லாரியை வரவழைத்தேன். இந்த ஏற்பாட்டை எண்ணி அன்று காலை வரை நான் பெருமைப்பட்டது உண்மை. ஆனால் கடையில் இறக்கியதும், உள்ளே நிறுத்துவதற்காக அங்கிருந்தவர்கள் இன்ஜினை ஸ்டார்ட் செய்துவிட்டு அணைக்க மறந்துவிட்டார்கள். விக்னேஷ்குமார் டிபன் முடித்து வந்து சேர்ந்தபோது இன்ஜின் கொதிக்கக் கொதிக்க ஓடிக்கொண்டிருந்தது. அவர் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "சத்தமே இல்லையே சார்" என்றார். கம்ப்யூட்டரும் அதையே சொன்னது. அதே லாரியில் திரும்பி வந்தேன்.

தெருமுனையிலேயே கூட்டம் தெரிந்தது. காரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனதைப் பார்த்த யாரோ டாக்டர் வண்டி அடிபட்டுவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். அது வீட்டுக்கு வீடு போய், டாக்டரே அடிபட்டுவிட்டார் என்று ஆகியிருக்கிறது. நான் லாரியின் முன்பக்கத்திலிருந்து இறங்கியதும் எல்லோரும் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். கையைப் பிடித்துப் பார்த்தார்கள். எனக்குப் பெயர் தெரியாத ஒருவர் என் முதுகைத் தடவிக் கொடுத்தார். ஜெய்தூன் பீவி ஒரு பாத்திரத்தில் சோறும், தூக்குச் சட்டியில் கத்தரிக்காய் வெஞ்சனமும் கொண்டு வந்திருந்தார். நான் எல்லோரையும் பார்த்து, விபத்து ஒன்றுமில்லை, இன்ஜினின் மேல்பகுதியில் ஒரு சிறு சத்தம் மட்டுமே என்று விளக்கினேன். பிறகு ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். முதுகைத் தடவியவர்தான் கடைசியாகப் போனார். ஜெய்தூன் பீவி மட்டும், "சத்தத்துக்கா லாரி வச்சீங்க?" என்று கேட்டுவிட்டுப் பாத்திரங்களை வைத்துவிட்டுப் போனார். அன்று மதியம் நான் சமைக்கவில்லை. இதை ஒரு தகவலாக மட்டும் தெரிவிக்கிறேன்.

அதற்குப் பின் இந்த நோயை நானே பார்த்துக்கொள்வது என்று தீர்மானித்தேன். பீரோவிலிருந்து என் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தேன். அதைக் கடைசியாக எடுத்தது தங்கள் அக்காவுக்காக. அவள் அந்த நிலையிலும் சிரித்து, "மாட்டுக்கு வச்சத எனக்கு வைக்காதீங்க" என்று கையைத் தள்ளிவிட்டாள். கார் அப்படித் தள்ளவில்லை. காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, கீழ்ப்பகுதியில் வைத்துக் கேட்டேன். அங்கே தட்டல் இல்லை, ஆகவே கோளாறு பேரிங்கில் இல்லை. புகைக்குழாய் இன்ஜினோடு சேரும் இடத்தில் கசிந்தாலும் இதே போல டிக் டிக் என்று கேட்கும் என்று படித்திருந்ததால் அங்கே கையை நீட்டிப் பார்த்தேன், காற்றடிக்கவில்லை. பெட்ரோலைப் பீய்ச்சும் ஊசிகளும் டிக் டிக் என்பவைதான், ஆனால் அவற்றின் சத்தம் மெல்லியது, சூடேறினாலும் நிற்காது. கடைசியாக மேல்மூடியில் வைத்து ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நகர்த்திக்கொண்டே வந்தேன். இரண்டாம் சிலிண்டருக்கு மேலே வந்ததும் காதுக்குள் அடித்தது. அங்கேயே நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி விட்டு, தயங்கி, பிறகு நின்றது. நோய் உறுதியாகிவிட்டது, எழுந்து போயிருக்கலாம். இன்னும் செத்த நேரம் கேட்டேன். எதற்கு என்று எனக்குத் தெரியாது. மதிலுக்கு அப்பால் ஜெய்தூன் பீவி மருமகளிடம், "டாக்டரு காருக்கு நாடி பாக்குறாரு, மூச்சுக் காட்டாத" என்று சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

இப்போது காரணம். இதைத்தான் தாங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் கலக்கும். வண்டி நெடுந்தூரம் ஓடினால் ஆயில் நன்கு சூடேறி அந்த ஈரம் ஆவியாகிவிடும். ஐந்து நிமிடத்தில் அணைத்தால் ஆகாது. உள்ளேயே தங்கி, நாளுக்கு நாள் சேர்ந்து, ஆயில் களி போல ஆகும். அந்தக் களி கிண்ணங்களுக்குப் போகும் நுண்ணிய துளைகளை அடைக்கும். பேட்டரிக்காகச் செய்யச் சொன்னீர்கள். ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி இழப்பதைக்கூட அந்த ஐந்து நிமிடம் திருப்பித் தராது. அதாவது தங்கள் உத்தரவை நான் அலட்சியப்படுத்தி இந்தக் காரைத் தொடாமலே விட்டிருந்தால் இன்றைக்கு அது இதைவிட நன்றாக இருந்திருக்கும். கெடுத்தது என் கீழ்ப்படிதல். கட்டுத்தறியில் கிடக்கிற மாட்டைத் தினமும் காலையில் தட்டி எழுப்பி, நிற்க வைத்து, வெளியே ஓர் எட்டுக்கூட நடக்க விடாமல் திரும்பவும் படுக்க வச்சா, அது காலு வெளங்குமா, மூச்சு வெளங்குமா, என்னத்துக்குடா ஆகும் அது? மன்னிக்கவும். 'என்னத்துக்கு' என்ற சொல்லோடு நிறுத்தியிருக்க வேண்டும், 'டா' தவறி வந்துவிட்டது.

ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினேன். பழைய ஆயில் வேப்பம்புண்ணாக்குக் கரைசல் மாதிரி வந்தது. சத்தம் பாதியாகக் குறைந்தது. மிச்சம் போக வேண்டுமானால் ஒரே சிகிச்சைதான். காரை வெளியே எடுத்து, நெடுஞ்சாலையில் நிதானமான வேகத்தில் நெடுநேரம் ஓட்டி, சூடான புதிய ஆயில் அந்தத் துளைகளைக் கழுவும்படி செய்ய வேண்டும். அது தங்கள் உத்தரவில் இல்லை. ஆகவே நான் செய்யவில்லை.

சத்தத்தைப் பதிவு செய்து தங்களுக்கு அனுப்பியது, அதைக் கேட்டுத் தாங்கள் என்னோடு ஒரு வார்த்தை ஆலோசிப்பீர்கள் என்பதற்காக. தாங்கள் அதைக் குழுவில் போட்டீர்கள். அதுகூடப் போகட்டும். கார் வந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் காலையில் தாங்கள் வீடியோவில் அழைக்கிறீர்கள். "அத்தான், கேமராவ டேஷ்போர்டு பக்கம் திருப்புங்க" என்பீர்கள். கிலோமீட்டரைப் பார்ப்பீர்கள். "சரி அத்தான், வச்சிரட்டுமா" என்பீர்கள். அந்த அழைப்புகளில் ஒருமுறைகூட என் முகம் தங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. நான் மீசையை எடுத்துவிட்டேன் என்பது தங்களுக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. கேமராவைத் திருப்பும் முன் ஒரு கணம் என் பக்கம் வைத்திருந்தால் தெரிந்துவிடுமே என்று ஒருமுறை வேண்டுமென்றே தாமதித்துப் பார்த்தேன். "அத்தான், டேஷ்போர்டு" என்றீர்கள். இன்றைக்கும் வெள்ளிக்கிழமைதான். கார்தான் போகப்போகிறதே, இன்று அழைப்பு வரவில்லை. நான் அதை எதிர்பார்த்துக் காரில் உட்கார்ந்திருந்தேன் என்று தாங்கள் நினைத்துக்கொள்ள வேண்டாம். இன்ஜின் ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன், அவ்வளவே.

ஆகவே, ஞாயிற்றுக்கிழமை தாங்கள் அனுப்பும் நபர் வரட்டும். சாவி, ஆர்.சி. புத்தகம், மாற்றுச் சக்கரம், சீட்டுக்கு அடியில் கிடந்த தங்கள் குளிர்கண்ணாடி எல்லாவற்றையும் ஒப்படைத்துவிடுவேன். போர்டிகோ காலியாகும். காலையில் எனக்கு வேண்டிய நேரத்தில் எழுந்துகொள்வேன். இனி இந்த வீட்டில் தங்களுக்குச் சொந்தமான எந்தப் பொருளும் இருக்காது. அதனால் நமக்குள் எந்த வருத்தமும் எழ வாய்ப்பும் இருக்காது.

தங்கள் மனைவிக்கு என் மரியாதைகள். மகள் தமிழ்நிலா நன்றாகப் படித்து, உடல் நலத்தோடு, பெரியவர்களின் பேச்சைக் கேட்கும்போது கூடவே யோசித்தும் பார்க்கிற பெண்ணாக வளர வேண்டும் என்று மனதார ஆசீர்வதிக்கிறேன். மணிமேகலைக்குச் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
முத்துக்கிருஷ்ணன்,
கால்நடை மருத்துவர் (விருப்ப ஓய்வு).

பின்குறிப்பு: ஞாயிறு மாலை. கடிதம் இன்னும் மேஜைமேல்தான் இருக்கிறது. தபால் நாளைக்குத்தான் போகும் என்பதால் இதையும் சேர்த்து எழுதுகிறேன்.

பார்க்க வரும் ஆளுக்கு முன்னால் நோயாளியை இருமவிட்டு நிறுத்துவது முறையாகப் படவில்லை. அதனால் இன்று காலை கேட்டைத் திறந்து காரை வெளியே எடுத்தேன். உன் உத்தரவு அத்தோடு முடிந்தது. ஜெய்தூன் பீவி வாசலில் நின்று எங்கே என்று கேட்டார்கள். சும்மா ஆத்தூர் வரைக்கும் என்றேன். "சும்மாவா? இருங்க, நாங்களும் வாரோம்" என்று உள்ளே போய், மருமகளையும் ஒரு ஃபிளாஸ்க்கையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். சத்தம் கேட்க வேண்டும் என்று கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓட்டினேன். செம்பட்டி தாண்டும்வரை டிக் டிக் நிற்பதும் தொடங்குவதுமாகக் கூடவே வந்தது. அப்புறம் எங்கேயோ நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்துவிட்டது, சொல்லாமல் ஓட்டினேன். பின்னாலிருந்து முஹ்சினா, "மாமி, அது நின்னுருச்சு" என்றாள். ஆத்தூர் அணையில் தண்ணீர் பரவாயில்லை. பொரித்த மீன் வாங்கித் தின்றோம். கிலோமீட்டர் எவ்வளவு ஏறியது என்று நான் சொல்லப்போவதில்லை.

திரும்பி வந்து நிறுத்தும்போதே நீ அனுப்பிய ஆள் வாசலில் நின்றார். பாலசமுத்திரத்தில் தேங்காய் வியாபாரமாம், பிராங்க்ளின் என்று பெயர், தங்கமான மனுசர். ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தார். ஒரு சத்தமும் இல்லை. "நல்ல வண்டிங்க டாக்டர், இப்பவே எடுத்துக்கறனுங்க" என்றார். சாவி என் கையில்தான் இருந்தது. ஒரு மருத்துவன் நோயை மறைத்து விற்கக் கூடாது என்பதால் அவரை உட்கார வைத்து, மேலே உனக்கு எழுதியிருக்கிற எல்லாவற்றையும் முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன். கிண்ணம், களி, நுரை, ஒன்றையும் விடவில்லை. காதில் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிவிட்டு, இப்போது கேட்காது, ஆனால் திரும்ப வரும், வராது என்று எவனாலும் சொல்ல முடியாது என்றேன். டீயை ஆறவிட்டுவிட்டு முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு, "ஏனுங்க டாக்டர், குடுக்கறதுக்கு மனசு இல்லீன்னா நேராவே சொல்லியிருக்கலாமுங்களே" என்றார். கோபமெல்லாம் இல்லை. சிரித்துக்கொண்டே கைகொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

ஆக கார் இங்கேதான் நிற்கிறது. வேறு ஆள் அனுப்பாதே. சிகிச்சை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, நடுவில் நிறுத்தினால் முன்னைவிட மோசமாகும். நாளை முஹ்சினா தைத்த துணிகளைச் செம்பட்டியில் கொடுக்க வேண்டுமாம், வெள்ளன கிளம்பச் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் அகரம் பக்கம் போகலாம் என்று இருக்கிறேன், அங்கே என்னைத் தெரிந்தவர்கள் இன்னும் ரெண்டு பேராவது இருப்பார்கள். அதனால் மாப்பிள, காலையில் கூப்பிட்டால் எடுக்க மாட்டேன், வண்டி ஓட்டும்போது நான் போன் பேசுவதில்லை. சாயங்காலம் கூப்பிடு. வீட்டில்தான் இருப்பேன்.